வெள்ளைக் கயிறு கட்டிய ராஜா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேப்பந்துறை நாட்டைப் பூவராகர் என்று ஒரு ராஜா ஆண்டார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் போட்ட உத்தரவைச் சாயங்காலம் அவரே மாற்றுவார். மறுநாள் எது கடைசி உத்தரவு என்று மந்திரி தீர்த்தகிரியைக் கேட்பார். எதற்கெடுத்தாலும் ராஜா தீர்த்தகிரியையே தேடுவது சபையிலிருந்த வல்லபனுக்கு வயிற்றெரிச்சல்.

ஒரு நாள் வல்லபன் எழுந்து கைகட்டி நின்றான். "மகாராஜா, வைத்தியச் செலவில் ஜனங்கள் நொந்து கிடக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு பொன் என்னிடம் கட்டினால் கையில் ஒரு கயிறு கட்டிவிடுகிறேன். அதைக் காட்டினால் எந்த வைத்தியரும் பாதிக் கூலிதான் வாங்குவார். நோய்க்கு ஒரு நிறம். வைத்தியர் வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம்."

"பேஷ்," என்றார் ராஜா.

"இந்தக் கயிற்றுக் கடையை யார் கண்காணிப்பது?" என்று கேட்டார் தீர்த்தகிரி.

"ஒரு நல்லது நடந்தால் உமக்குப் பொறுக்காதே," என்று ராஜா அவரை உட்காரச் சொல்லிவிட்டார்.

சில மாதம் கழித்து ராஜா நகர்வலம் போனார். சித்திரை வெயிலில் ஊரே போர்வை போர்த்திக்கொண்டு நடந்தது. கும்பிட்டவர்கள் ஒரு கையால் கும்பிட்டு, மற்றதை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். தங்களைக் கேட்காமலே வல்லபன் கயிறு விற்றுவிட்டதால், வைத்தியர் வீதியில் கூலி இரண்டு மடங்காக ஏறி, கயிற்றுக்காகப் பாதியாகக் குறைந்திருந்தது. "அப்படியானால் ஏறியதா, குறைந்ததா?" என்று ராஜா இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் அவருக்குத் தலை சுற்றியது.

மறுநாள் செங்கமலம் என்றொரு பெண் சபைக்கு வந்தாள். அவள் மணிக்கட்டில் வெள்ளைக் கயிறு.

"இதை அவிழ்த்தா வைத்தியர் முழுக் கூலி கேக்கறார் மகாராஜா, என்னால முடியாது. கட்டியிருந்தா குடும்பம் போகுது. வர்ற முகூர்த்தத்துல என் வீட்டுக்காரருக்கு வேற பொண்ணைக் கட்டிவைக்கப் போறாங்க."

"கயிறு உன் கையில் இருக்கிறது. கல்யாணம் அவனுக்கு. நடுவில் என்னம்மா சம்பந்தம்?"

அவள் நிறைந்திருந்த சபையைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். எத்தனை கேட்டும் வாய் திறக்கவில்லை. ராஜாவுக்குப் பாவமாக இருந்தது, ஆனால் ஒன்றும் பிடிபடவில்லை.

தீர்த்தகிரி மட்டும் ஆளனுப்பி வல்லபன் கடையிலிருந்து ஒரு வெள்ளைக் கயிறு வாங்கிவரச் செய்தார். "நாளை வரைக்கும் இது உங்கள் கையில் இருக்கட்டும், மகாராஜா. ஏன் என்று மட்டும் கேட்காதீர்கள்."

பொழுது விடிந்தது. தளபதி ராஜாவின் கையைப் பார்த்துவிட்டு இருமினார். ஜோசியர் ஓடிவந்து புத்திரகாமேட்டி யாகத்துக்கு நாள் குறிக்கட்டுமா என்றார். மருந்துக் கடை மாரப்பன் ஒரு சட்டி அமுக்கரா லேகியத்தோடு வந்து, "மகாராஜாவுக்கே இப்படி ஒரு குறையா" என்று கண்ணைத் துடைத்தான். கடைசியில் ராணியே வந்துவிட்டாள்.

"ஏழு பிள்ளை பெற்றுக் கொடுத்தேன். இன்னும் போதவில்லையா? யாரை மனசில் வைத்துக்கொண்டு இந்தக் கயிறு?"

"நான் என்னம்மா செய்தேன்?" என்ற ராஜாவுக்கு அழுகையே வரும்போல இருந்தது.

தீர்த்தகிரி மாரப்பனிடம் திரும்பினார். "மகாராஜாவுக்குக் குறை என்று உனக்கு யார் சொன்னது?"

"வெள்ளைக் கயிறுன்னா பிள்ளைக்காக வைத்தியம் பாக்கறவங்க, சாமி. எந்த நிறத்துக்கு எந்த நோய்னு வல்லபர் எங்களுக்குக் காசுக்குச் சொல்றாரு. நாங்க கையைப் பாத்துச் சரக்கு விக்கறோம். கல்யாணத் தரகருங்களும் வந்து கேட்டுட்டுப் போறாங்க."

"வியாபாரம்தானே, மகாராஜா," என்று வல்லபன் இழுத்தான்.

செங்கமலம் எதைச் சொல்ல முடியாமல் நின்றாள் என்பது அப்போதுதான் ராஜாவுக்கு உறைத்தது. "ஒரு காலைப்பொழுது எனக்கே தாங்கவில்லை. அந்தப் பெண் மாசக்கணக்கில் தாங்கியிருக்கிறாள்," என்றார். வாங்கிய பொன்னையெல்லாம் வல்லபன் வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். இனி சலுகை விற்பவன் எவனும் முதலில் வைத்தியர்களின் சம்மதத்தை மந்திரி முன்னால் காட்ட வேண்டும், நோயாளியின் நோய் வைத்தியர் வாசலைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். சாயங்காலம் அதை மாற்றவும் இல்லை. தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரியின் விரலில் போட்டார்.

"ஆனால் ஊருக்குத் தெரிந்துபோனதை எப்படித் திரும்ப வாங்குவது, தீர்த்தகிரி?"

"திரும்ப வாங்க முடியாது. குழப்பிவிடலாம்," என்றார் மந்திரி.

மறுநாள் செங்கமலத்தின் மாமியாரைக் கூப்பிட்டார்கள். "இவ கையில வெள்ளைக் கயிறு, மகாராஜா. அதுக்கு என்ன அர்த்தம்னு ஊருக்கே தெரியும்," என்றாள் அவள்.

ராஜா தன் கையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளைக் கயிறு. மீசையை முறுக்கிக்கொண்டிருந்த தளபதி கையில், ஜோசியர் கையில், வாயிற்காவலர் கையில், தலைகுனிந்து நின்ற வல்லபன் கையில், ராணியின் கையிலும் அதே வெள்ளைக் கயிறு.

"எங்களுக்கெல்லாம் என்ன நோய், சொல்லுங்கள் அம்மா," என்றார் ராஜா.

அந்தம்மாள் ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். தளபதியின் மீசையைச் சற்று அதிக நேரம் பார்த்தாள். ராணியின் கையைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இம்புட்டுப் பெரிய மனுஷங்க கட்டியிருக்கீங்க," என்று மெதுவாகத் தன் கையை நீட்டினாள். "எனக்கு மட்டும் ஏன் கட்டல?"

செங்கமலமே கட்டிவிட்டாள். கல்யாணப் பேச்சை அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை.