சடையப்பன் கட்டிய படிப்புக் கூடு

கண்மாய்க் கரையில் ஒரு கருவேல மரம் தண்ணீர்மேல் சாய்ந்து நின்றது. அதில் இருபத்திரண்டு தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கின. பதினேழாவது கூடு சடையப்பனுடையது. அதன் இணை அங்காயி. இரண்டுக்கும் ஒரே குஞ்சு, பெயர் வேம்பு.

குஞ்சுகள் எல்லாம் எதிர்க்கரை ஆலமரத்துக்குப் போய்ப் படித்து வந்தன. அங்கே வாத்தியார் ஒரு கரிச்சான். கரிய உடம்பு, நீளமாகப் பிளந்த வால். எந்தப் பறவையின் குரலையும் அப்படியே எடுத்துக் காட்டுவார். வல்லூறு வந்தால் என்ன செய்வது, பாம்பு வந்தால் என்ன செய்வது என்பதுதான் அங்கே பாடம். அதில் தேறாத குஞ்சு கூட்டத்தோடு நெல்வயலுக்குப் போகக் கூடாது என்பது அந்தக் கரையின் கட்டுப்பாடு.

அந்த வருஷம் காற்று முந்திக்கொண்டது. ஒரே காலையில் மூன்று குஞ்சுகள் கண்மாயைத் தாண்டும்போது தண்ணீரில் விழுந்தன. மூன்றும் ஆம்பல் இலையில் ஏறிப் பிழைத்தன.

அன்று மாலையே வாத்தியார் கருவேல மரத்துக்கு வந்தார்.

"இனிமேல் பிள்ளைகளைத் தண்ணீர் தாண்ட விடாதீங்க. கண்மாய் நடுவுல ஒத்தைப் பனை இருக்கு. நான் அதுல உட்கார்ந்து பாடம் சொல்றேன். அவங்கவங்க வீட்டுல இருந்தே படிக்கட்டும். மூணு நாள் தர்றேன். அதுக்குள்ள வீட்டுல பிள்ளைக்கு ஒரு இடம் பார்த்து வைங்க" என்றார்.

"எத்தனை நாள் பாடம், ஐயா?" என்று சடையப்பன் கேட்டது. எதற்கும் எண்ணிக்கை தெரிந்தால்தான் அதற்கு நிம்மதி.

"பதினைஞ்சு நாள். அஞ்சு நாளைக்கு ஒரு தேர்வு. பதினாறாம் நாள் கூட்டம் கிழக்கே வயலுக்குக் கிளம்புது. கடைசித் தேர்வுல தேறுன பிள்ளை கூடப் போகலாம். தேறாத பிள்ளை இங்கேயே இருந்து அடுத்த தடவை பொரிக்கிற குஞ்சுகளோட மறுபடி படிக்கணும்."

சடையப்பன் வேம்பைப் பார்த்தது. வேம்பு இந்த வருஷமே வயலுக்குப் போயாக வேண்டும். பால் பிடித்த நெற்கதிரை அது இன்னும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் விடியலிலேயே சடையப்பன் வேலையைத் தொடங்கிவிட்டது.

தூக்கணாங்குருவிக்கு நல்ல இடம் என்றால் ஒன்றுதான் தெரியும். காற்று நுழையக் கூடாது, மழை இறங்கக் கூடாது, வெளிச்சம்கூடக் கசியக் கூடாது. அப்பனும் பாட்டனும் அப்படித்தான் கட்டினார்கள். சடையப்பன் படிப்புக்கென்று ஒரு தனிக் கூட்டையே பின்னியது. கோரையைக் கிழித்துக் கிழித்து ஆயிரத்து நானூற்று முப்பது நார் கொண்டுவந்தது. காற்றில் ஆடாதிருக்க உட்சுவரில் இருபத்தாறு உருண்டை ஈரமண் அப்பியது. வாசலைக் கீழே பார்த்த நீண்ட குழாயாக இறக்கியது. மூன்று நாளும் அது சரியாகத் தின்னவில்லை. வேம்பு பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலை முடிந்ததும் அக்கம்பக்கம் கூடிவிட்டது. பன்னிரண்டாம் கூட்டுக் குப்பாண்டி உள்ளே தலையை நீட்டிப் பார்த்தது.

"அண்ணே, இதுல நானே வந்து படிக்கலாம் போலிருக்கே."

"உனக்கு எழுத்து ஏறுற வயசு போச்சுப்பா" என்றது சடையப்பன். ஆனாலும் அதன் மார்பு ஓர் இறகளவு உயர்ந்தது.

அடுத்த முள்மரத்தில் ராக்காயி என்ற சில்லைக்குருவி குடியிருந்தது. அதற்கு ஆறு குஞ்சுகள். கூடோ வைக்கோலை அள்ளிப் போட்டது மாதிரி இருக்கும். அது ஆறையும் வெளிக்கிளை ஒன்றில் வரிசையாக உட்கார வைத்து, வெயிலுக்கு மேலே ஓர் இலைக் கொத்தை இழுத்து மடக்கியிருந்தது. அவ்வளவுதான் ஏற்பாடு.

"என்ன தங்கச்சி, பிள்ளைகளை இப்படி வெட்டவெளியில போட்டுட்டியே" என்று சடையப்பன் அனுதாபப்பட்டது.

"எனக்கு உங்க கைவேலை வருமா, அண்ணே? ஆறையும் ஒரு பார்வையில பார்க்கணும். ஒண்ணு தூங்குனா பக்கத்துல இருக்கிறது கொத்தி எழுப்பிவிடும். எனக்கு அது போதும்."

"பாவம்" என்றது சடையப்பன், அங்காயியின் காதில் மட்டும்.

பாடம் தொடங்கியது. வேம்பு ஒவ்வொரு காலையும் குழாய்வழியே ஏறிப் படிப்புக் கூட்டுக்குள் போய்விடும். சடையப்பன் வெளியே கிளையில் காவல் நிற்கும். குப்பாண்டியின் பேச்சுச் சத்தம்கூட அந்தப் பக்கம் வரவிடாது. பாடம் முடிந்து வேம்பு இறங்கியதும் கேட்கும்.

"நல்லா இருந்ததா?"

"இருந்ததுப்பா."

"காற்று வந்ததா?"

"இல்லப்பா."

சடையப்பனுக்கு வேறு கேட்கத் தோன்றியதில்லை.

ஐந்தாம் நாள் முதல் தேர்வு. கருவேல மரத்துக்கு இடப்பக்கம் ஒரு கோரைப் புதர், வலப்பக்கம் ஒரு கோரைப் புதர். வாத்தியார் பனையிலிருந்து வல்லூறின் குரலில் கூவுவார். ஆபத்து எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்துப் புதரில் குஞ்சுகள் போய் ஒளிய வேண்டும்.

வாத்தியார் கூவினார். குஞ்சுகள் எல்லாம் வலப்பக்கம் பாய்ந்தன. ராக்காயியின் ஆறும் ஒரே வீச்சில் கோரைக்குள் மறைந்தன. வேம்பு மட்டும் தன் கூட்டிலிருந்து இறங்கி இடப்பக்கம் போனது.

"வேம்பு, நீ இப்ப வல்லூறு வாயில இருக்கே" என்றார் வாத்தியார்.

மரமே சிரித்தது. சடையப்பன் கிளையைப் பார்த்துக்கொண்டது.

"கவனம் சிதறுது" என்று அது வீட்டுக்கு வந்து சொன்னது. "எங்கேயோ ஓட்டை இருக்கு. வெளியில நடக்கிறது கண்ணுல படுது."

அது படிப்புக் கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தேடியது. ஊசி நுழையும் அளவில் எட்டு இடுக்குகள் அகப்பட்டன. எட்டையும் நார் வைத்து அடைத்தது.

"என்னங்க, பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அடைச்சா என்ன?" என்றது அங்காயி.

"குஞ்சுக்குக் கூடு கட்டுறதைப் பத்தி என்ன தெரியும்?"

பத்தாம் நாள் இரண்டாம் தேர்வு. வாத்தியார் மூன்று முறை கூவினார். வேம்பு ஒரு முறை சரியான பக்கம் போனது, இரண்டு முறை தப்பான பக்கம் போனது. சரியாகப் போனதும் யோசித்துப் போனதாகத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு பக்கம் விழுந்தது மாதிரி இருந்தது.

அன்று வேம்பு இரை எடுக்கவில்லை. கிளை நுனியில் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"நான் வயலுக்கு வர மாட்டேன்ல, அம்மா?" என்று கேட்டது.

அங்காயி ஒரு புழுவை அதன் முன்னே வைத்துவிட்டு நகர்ந்தது. சடையப்பனிடம் வந்தது.

"இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. அவ தேறலைன்னா நான் அவளோட இங்கேயே இருந்துடுவேன். நீங்க கூட்டத்தோட போயிட்டு வாங்க. அதுக்கு முந்தி ஒண்ணு செய்ங்க. நாளைக்கு ஒரு பாடம் நீங்க உள்ள உட்கார்ந்து பாருங்க."

"கட்டினவனுக்குத் தெரியாதா உள்ள எப்படி இருக்கும்னு?"

"கட்டினவருக்குச் சுவரு தெரியும். பாடம் தெரியுமா?"

சடையப்பனுக்கு அது சுருக்கென்றது. ஆனாலும் மறுநாள் காலை குழாய்வழியே ஏறி உள்ளே உட்கார்ந்தது. வேம்பை ராக்காயியின் கிளைக்கு அனுப்பிவைத்தது.

உள்ளே இதமாக இருந்தது. காற்று இல்லை. ஆட்டம் இல்லை. நாரெல்லாம் நேராக ஓடின. நாமா இப்படிக் கட்டினோம் என்று அது இரண்டாவது தடவையாகச் சந்தோஷப்பட்டது. அதற்குள் வாத்தியாரின் குரல் பனையிலிருந்து கேட்டது.

"குரல் எதைச் சொல்லுது? யார் வர்றான்னு சொல்லுது. எந்தப் பக்கம் வர்றான்னு எது சொல்லுது? என் வாலு சொல்லுது. இப்ப வாலைப் பாருங்க. இப்படிச் சாய்ச்சா எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம், ஐயா" என்று குஞ்சுகள் வெளியே கத்தின.

"இப்ப?"

"வலப்பக்கம், ஐயா."

சடையப்பன் நாலு பக்கமும் திரும்பியது. நாலு பக்கமும் நார்ச்சுவர். தலையைக் குழாய்க்குள் விட்டுப் பார்த்தது. கீழே கலங்கல் தண்ணீர் தெரிந்தது. பனை தெரியவில்லை. வாத்தியார் தெரியவில்லை.

"நல்லா வாலைப் பாருங்க" என்றார் வாத்தியார் மறுபடியும்.

அந்த ஒரு பாடத்தில் வாத்தியார் அப்படிப் பத்தொன்பது தடவை சொன்னார். சடையப்பன் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தது. எண்ண எண்ண அதன் உடம்பு கூசியது. பத்து நாளாகத் தன் குஞ்சு இந்தச் சுவரையல்லவா பார்த்துக்கொண்டிருந்தது?

பாடம் முடிந்ததும் அது இறங்கி வேம்பிடம் போனது.

"வாத்தியார் வாலு உனக்குத் தெரியலைன்னு ஏன் சொல்லலை?"

வேம்பு தயங்கியது.

"நீங்க மூணு நாள் சாப்பிடாமக் கட்டுனீங்களேப்பா. எல்லாரும் வந்து நல்லா இருக்குன்னு வேற சொன்னாங்க."

சடையப்பன் திரும்பிப் படிப்புக் கூட்டைப் பார்த்தது. பிறகு, "எங்கே உட்கார்ந்தா உனக்குத் தெரியும்? நீயே காட்டு" என்றது.

வேம்பு கூட்டைச் சுற்றிப் பறந்தது. பனையைப் பார்த்த பக்கத்தில் போய் நின்றது.

"இந்தப் பக்கம்."

"இவ்வளவு உயரத்திலயா?"

"கொஞ்சம் கீழே. மேலேன்னா காலையில வெயில் கண்ணுல அடிக்கும். மேல்கூரை இருக்கட்டும், பிடிச்சு உட்கார ஒரு கம்பு மாதிரி இருந்தா போதும்."

"பக்கத்துல ராக்காயி பிள்ளைக சத்தம் போடுமே?"

"அது நல்லாத்தான் இருக்கும்ப்பா. எல்லாரும் சேர்ந்து சொன்னா எனக்கும் சீக்கிரம் வரும்."

சடையப்பன் அலகை வைத்தது. முதல் நாரை இழுக்கவே அதற்கு மனம் வரவில்லை. கட்டிய கூட்டில் ஓட்டை போடுவது அதன் குலத்திலேயே யாரும் செய்யாத வேலை. கண்ணை இறுக்கிக்கொண்டு இழுத்தது. அடுத்ததை இழுத்தது. நார்கள் ஒவ்வொன்றாகக் கண்மாயில் விழுந்து மிதந்தன.

குப்பாண்டி பதறிப் பறந்து வந்தது.

"ஐயோ, என்னண்ணே இது! காக்கா பிச்சுப் போட்டுட்டுதா?"

"இல்லப்பா. நான்தான் பிய்க்கிறேன்."

"அழகான கூட்டைப் போய்... ஊரு சிரிக்குமே."

"சிரிக்கட்டும். ஊருக்குத் தேர்வு இல்லை, என் மகளுக்குத்தான் இருக்கு."

இருநூற்றுப் பன்னிரண்டு நார்களை அது பிரித்தெடுத்தது. பனையைப் பார்த்த பக்கம் முழுக்கத் திறந்துகொண்டது. திறந்த இடத்தின் குறுக்கே முப்பது நாரை முறுக்கி ஒரு கம்பு போல் கட்டியது. மேலே கூரை, முன்னே பனை, பக்கத்தில் ராக்காயியின் ஆறு குஞ்சுகள். கட்டி முடித்ததும் வேம்பை விடாமல், தானே முதலில் கம்பில் உட்கார்ந்து பார்த்தது. பனையின் ஒவ்வொரு மட்டையும் தெரிந்தது. வாத்தியார் வாலைக் கோதிக்கொண்டிருந்ததும் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் இறங்கி வேம்புக்கு இடம் விட்டது.

நாலு நாள் மிஞ்சியிருந்தன. வேம்பு பத்து நாள் பாடத்தை நாலு நாளில் பிடிக்க வேண்டும். வாத்தியார் வாலைச் சாய்த்தபோதெல்லாம் அதன் கழுத்தும் சாய்ந்தது. பாடம் முடிந்த பிறகு ராக்காயியின் மூத்த குஞ்சு தன் குட்டை வாலை ஆட்டி ஆட்டிக் கேள்வி கேட்டது.

"இது எந்தப் பக்கம்?"

"உன் வாலுல பக்கமே தெரியலையே" என்றது வேம்பு. அந்தப் பதினான்கு நாளில் அது சிரித்தது அன்றுதான்.

பதினைந்தாம் நாள் கடைசித் தேர்வு. வாத்தியார் முதலில் பாம்பின் சீறலைக் காட்டினார். வால் வலப்பக்கம் சாய்ந்தது. வேம்பு இடப்பக்கம் போனது. சரி. அடுத்து காக்கைக் குரல். அதுவும் சரி. மூன்றாவதாக வல்லூறின் குரல். வால் முதலில் இடப்பக்கம் சாய்ந்து, சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. பல குஞ்சுகள் அவசரத்தில் வலப்பக்கமே பாய்ந்து, பாதியில் தடுமாறித் திரும்பின. வேம்பு கம்பிலேயே இருந்தது. வால் நிலைத்த பிறகுதான் வேம்பு கிளம்பியது. எல்லாருக்கும் கடைசியாக இடப்பக்கக் கோரைக்குள் நுழைந்தது.

வாத்தியார் பனையிலிருந்து இறங்கிக் கோரைக்குமேல் வந்து நின்றார்.

"கடைசியா வந்தே. ஆனா முழுசாப் பார்த்துட்டு வந்தே. வேகம் வயல்ல தானா வரும். நாளைக்குக் கிளம்பு" என்றார்.

அங்காயி சடையப்பனின் கழுத்து இறகைக் கோதிவிட்டது.

பதினாறாம் நாள் காலை கூட்டம் கிழக்கே கிளம்பியது. சடையப்பன் பின்னால் பறந்தபடி எண்ணியது. எண்பத்தொன்று. நம்பாமல் மறுபடி எண்ணியது. எண்பத்தொன்றேதான். நாற்பத்து மூன்றாவதாக, காற்றுக்கு உடம்பைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டு வேம்பு போய்க்கொண்டிருந்தது. தூரத்தில் பச்சையாக ஒரு கோடு தெரிந்தது.

"அப்பா, அதுதான் வயலா?" என்று அது திரும்பிப் பார்க்காமலே கேட்டது.

"அதேதான்" என்றது சடையப்பன்.

பிள்ளை படிப்பதற்கு இடம் அமைக்கிறவர்கள் முதலில் அங்கே தாமே உட்கார்ந்து பார்த்து, அந்தப் பிள்ளைக்கு வேண்டியது என்ன என்று அதனிடமே கேட்டுச் செய்ய வேண்டும்.