ஓணானுக்குக் கிடைத்த பெயர்

அந்தக் காலத்தில் விலங்குகளும் பறவைகளும் பேசியதோடு நிற்கவில்லை, கூத்தும் கட்டின. கரடிதான் வாத்தியார். ஆற்றங்கரை மணலில் ஆட்டம் நடக்கும். ராஜா வேஷம் எப்போதும் மயிலுக்குத்தான். மற்ற வேஷக்காரர்களுக்குப் பெயரே கிடையாது. 'கூட நிக்கிறவன்' என்பார்கள், அவ்வளவுதான்.

மந்திரி வேஷம் போட்டு மயிலோடு கூட நின்றது ஓணான். அதற்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? மயில் எதைக் கேட்டாலும் "ஆமாம் மகாராஜா" என்று அது சொல்ல வேண்டும், கைதட்டல் மட்டும் மயிலுக்குப் போகும். போதாக்குறைக்கு ஆட்டம் முடிந்ததும் மயில் அருகில் வந்து, "நீயும் நல்லாத்தான் நின்னே" என்று சொல்லிவிட்டுப் போகும். அந்த 'நின்னே'யை நினைத்து நினைத்தே ஓணானுக்குத் தூக்கம் போனது. எப்படியாவது ஒருநாள் தான் ராஜாவாக வேண்டும்.

அன்றைக்கும் மயில் அரியணையில் அமர்ந்து, "மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டது. ஓணான் வாயைத் திறக்கவில்லை. மயில் மறுபடி கேட்டது. ஓணான் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றது. பதில் வந்தால்தானே அடுத்த வசனம்? மயில் தோகையை விரித்துப் பார்த்தது, மடக்கிப் பார்த்தது, கடைசியில் வெட்கம் தாங்காமல் எழுந்து ஓடியே போனது.

ஓணான் ஒரே தாவலில் அரியணை ஏறியது. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, "மந்திரி, நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?" என்று கேட்டது.

மந்திரி நிற்கும் இடம் காலியாகக் கிடந்தது. அங்கே நிற்க வேண்டியது தான்தான் என்பது அப்போதுதான் அதற்கு உறைத்தது. கூட்டம் சிரித்துக்கொண்டே கலையத் தொடங்கியது.

கரடி வந்து அதைக் கீழே இறக்கியது. "நீ பதில் சொல்லலேன்னா அவன் ராஜா இல்ல, வெறும் மயில். ராஜாவைத் தாங்குறதே நீதாம்பா. இனிமே உன்னை யாரும் கூட நிக்கிறவன்னு சொல்லக் கூடாது. துணைப் பாத்திரம்னு சொல்லணும்."

"பேர் நல்லாருக்கு வாத்தியாரே. நாளைக்கு யார் ராஜா?"

"மயில்தான்."

ஓணான் சரி என்று தலையை மட்டும் ஆட்டியது.

அன்று முதல்தான் கதையில் நாயகனைத் தாங்கி நிற்பவருக்குத் துணைப் பாத்திரம் என்று பெயர். அன்று முதல்தான் ஓணானும் ஓயாமல் தலையாட்டுகிறது. ஆட்ட ஆட்டப் பொறாமையில் அதன் கழுத்து சிவந்துவிடுகிறது.