சுடலைமுத்து கண்ட வித்தியாசம்

"நூத்தி நாப்பத்தி நாலு எனக்குப் பத்தல," என்றார் சுடலைமுத்து.

ரெஜினா நிமிரவில்லை. பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரு கம்ப்யூட்டர் ஃபேனின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எரநூத்தி நாப்பது வந்திருக்காம். வாங்கலாமா?"

தூத்துக்குடியில் வீட்டிலேயே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிற கூட்டம் ஒன்று உண்டு. எட்டுப் பேர். ரெஜினாவைக் கேட்காமல் ஒரு வயர்கூட வாங்க மாட்டார்கள். அவளுக்கு வயது முப்பத்தொன்று, சுடலைமுத்துவுக்கு ஐம்பத்துநாலு. ஆனாலும் அவர் அவளைக் குருவே என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் கேலிக்கு. இப்போது மனசார.

அவர் கேட்டது மானிட்டரைப் பற்றி. ஒரு நொடியில் திரை எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறதோ, அதுதான் அந்த எண். சாதாரணத் திரைக்கு அறுபது. சுடலைமுத்து போன வருஷம் வாங்கியதற்கு நூற்று நாற்பத்து நாலு. வாங்கிய அன்றே கூட்டத்தில் அரை மணி நேரம் புகழ்ந்து தள்ளினார். அதைக் கேட்டு அவருடைய நண்பர் செல்வினும் அதே திரையை வாங்கினார்.

வாங்கிவிட்டு, "எனக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியலயே," என்றார் செல்வின்.

"கண்ணைக் கொண்டுபோய் டாக்டர்ட்ட காட்டு," என்றார் சுடலைமுத்து, எல்லார் முன்னாலும்.

பதினைந்து வருஷம் சேர்ந்து டீ குடித்தவர்கள். அன்றோடு பேச்சு நின்றது. செல்வின் கூட்டத்துக்கே வருவதில்லை. சுடலைமுத்து இப்போது தனியாகத்தான் டீ குடிக்கிறார். அவருக்கு அது வருத்தம்தான், ஆனால் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே.

"செல்வின் அண்ணாச்சிட்ட பேசுனீங்களா?" என்று கேட்டாள் ரெஜினா.

"திரையைப் பத்திக் கேட்டா அவன் பேச்சு எதுக்கு?"

"சரி. சாயங்காலம் வீட்டுக்கு வாரேன்."

வந்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"வித்தியாசம் எப்படித் தெரிஞ்சுது, அண்ணாச்சி?"

"மவுஸ் அம்பு வழுக்கிட்டுல்லா ஓடுது. பழைய திரையில திக்கித் திக்கிப் போவும். போட்ட நிமிஷமே தெரிஞ்சுட்டு."

ரெஜினா செட்டிங்ஸைத் திறந்தாள். இரண்டு இடம் உள்ளே போனாள். ஓர் எண்ணின் மேல் அம்பை நிறுத்தினாள்.

அறுபது.

சுடலைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அப்போதும் அறுபதுதான்.

"யாரு மாத்தினது?"

"யாரும் மாத்தல. அதான் அறுபதுல நிக்கி. பெட்டியிலருந்து எடுத்து வச்சா அப்படித்தான் இருக்கும். நாமதான் கூட்டணும்."

"அப்ப ஒரு வருஷமா நான் பார்த்தது?"

ரெஜினா எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டாள்.

அவர் மவுஸைப் பிடித்தார். அம்பை இடமும் வலமுமாக ஓட்டினார். வாங்கிய நாளிலிருந்து இப்போதுதான் அதை உற்றுப் பார்க்கிறார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியலயே, குருவே."

"இதைத்தான் போன வருஷம் செல்வின் அண்ணாச்சி சொன்னாக."

சுடலைமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எண்ணையாவது மாற்றிவிடலாம் என்று செட்டிங்ஸுக்குப் போனார். அதற்குள் ரெஜினா கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு மவுஸ் வயரை உருவினாள். மவுஸோடு சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"நான் எப்படி மாத்த?"

"செல்வின் அண்ணாச்சி வீட்டுல மவுஸ் இருக்கும்லா," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

மறுநாள் காலை சுடலைமுத்து செல்வின் வீட்டுக்குக் கிளம்பினார். போகிற வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். 'உன் திரையும் அறுபதுலதான் நிக்கும், அதான் உனக்குத் தெரியல, நான் மாத்தித் தாரேன்.' மன்னிப்பும் கேட்க வேண்டாம், உதவி செய்த மாதிரியும் ஆயிற்று. இதில் அவருக்குக் கொஞ்சம் தெம்புகூட வந்துவிட்டது.

கதவைத் திறந்த செல்வின், "வா," என்றார்.

சுடலைமுத்து தயாராக வைத்திருந்ததைச் சொன்னார். செல்வின் மவுஸை அவர் பக்கம் தள்ளினார்.

சுடலைமுத்து செட்டிங்ஸுக்குப் போனார்.

நூற்று நாற்பத்து நாலு.

"எப்போருந்து?"

"வாங்கின அன்னைக்கே மாத்திட்டேன். கூட வந்த பேப்பர்லயே போட்டிருந்துச்சே."

"பெறவு ஏன்ல வித்தியாசம் இல்லன்னு சொன்ன?"

"தெரியலன்னு சொன்னேன். இல்லன்னா சொன்னேன்?"

சுடலைமுத்து மவுஸிலிருந்து கையை எடுத்தார். "என்னுதுதான் அறுபதுல நிக்கி," என்றார் மெதுவாக. "ஒரு வருஷமா. நேத்துதான் பார்த்தேன். உன்னை அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

செல்வின் தலையை ஆட்டினார்.

"சரி, இதுல ஓட்டிப் பாரு. எப்படி இருக்கு?"

சுடலைமுத்து அம்பை ஓட்டினார். புகழ்ச்சி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டார். இன்னொரு தடவை ஓட்டினார். வேகமாக, பிறகு மெதுவாக. நன்றாகக் குனிந்து பார்த்தார்.

"நெசமாச் சொல்லட்டுமா? தெரியல செல்வின்."

செல்வின் சுவரோரம் கிடந்த இன்னொரு நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டார்.

"எனக்கு ஒரு கீபோர்டு வாங்கணும்ல," என்றார். "எது வாங்கட்டும்?"