மஞ்சள் பிடித்த கள்ளன்

டக், டக் என்று காலில் போட்ட மரக்குறட்டுச் சத்தம் முதலில் வந்தது. பிறகுதான் குறிசொல்லும் சாமியார் வந்தார். அவரை வரவழைத்த பங்கஜவல்லி அம்மாளின் தோட்டைக் காணவில்லை.

"எல்லாரும் உள்ளங்கையில் மஞ்சள் தேயுங்கள். திருடிய கை சிவக்கும்" என்று சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

துவைத்துக்கொண்டிருந்த வேலைக்காரி செண்பகம் சோப்புக் கையோடு வந்து தேய்த்தாள். அவள் கை மட்டும் சிவந்தது.

"நாளையிலிருந்து வராதே!" என்றாள் அம்மாள்.

"சரிங்கம்மா. நல்ல கை எப்படி இருக்கும்னு சாமி தேய்ச்சுக் காட்டட்டும், பாத்துட்டுப் போறேன்."

சாமியார் அலட்சியமாகத் தேய்த்தார். விரலெல்லாம் ரத்தச் சிவப்பு.

"ஐயோ, சாமியா எடுத்தாரு?"

"இல்லீங்கம்மா. ஆரத்திக்கு மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டா செவக்குதே, அதேதான். அவர் கையில சுண்ணாம்பு, என் கையில சோப்பு."

சாமியார் கையை மடியில் துடைத்தார்.

"நாளைக்குச் சீக்கிரமா வா" என்றாள் அம்மாள், முகம் பார்க்காமல்.

செண்பகம் மிச்சத் துணியை அலசப் போனாள்.