மூன்றடுக்குப் பூப்பாத்தி

பாறைக்குளத்தின் கரையில் சிலிர்ப்பி என்றொரு முள்ளம்பன்றி, தன் இரண்டு குட்டிகளோடு வளை தோண்டிக் குடியிருந்தது. வளைக்கு மேலே பெரிய பாறை. பாறையின் நெற்றியில் முறம் அகலத்துக்கு ஒரு தேன்கூடு. அந்தக் கூடு இருந்ததால்தான் கொழுவன் என்ற காட்டுப்பன்றி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. முள் கெட்டிப்படாத குட்டிகள் என்றால் கொழுவனுக்கு உயிர். ஆனால் தேனீயின் கொடுக்கு என்றால் குலைநடுக்கம்.

அந்த வருஷம் காட்டுத்தீ வந்து, சரிவிலிருந்த பூமரங்களையெல்லாம் கரியாக்கிவிட்டுப் போனது. ராணித் தேனீ கீழே இறங்கி வந்தது.

"சிலிர்ப்பி, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பனி விலகுவதிலிருந்து கோடை மழை வரைக்கும் எங்களுக்குப் பூ வேண்டும். இல்லையென்றால் கூட்டை விட்டு வேறு மலைக்குப் போய்விடுவோம்."

"ஐயோ! நீங்கள் போய்விட்டால் கொழுவன் என் பிள்ளைகளை விட்டுவைப்பானா?"

"எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே, தாயே!"

சிலிர்ப்பி அன்றைக்கே பூக்கிழங்கு தேடப் புறப்பட்டது. பக்கத்து வளை முயல் துள்ளியும் கூடவே ஓடியது. "எனக்கும் அந்தக் கொழுவன்தானே எமன்! நானும் ஒரு பாத்தி போடுகிறேன், அக்கா."

துள்ளி மண்ணை மேலாகக் கீறியது. பொறுக்கி வந்த கிழங்கையெல்லாம் ஒரே மட்டத்தில் பரப்பி மூடியது. "முடிந்தது வேலை! நீ என்ன, கிணறா வெட்டுகிறாய்?"

சிலிர்ப்பி நிமிரவில்லை. குழியின் அடியில் பெரிய கிழங்குகளை வைத்து மண் போட்டது. அதற்கு மேல் நடுத்தரக் கிழங்கு. மறுபடியும் மண். அதற்கும் மேல் சுண்டைக்காய் அளவில் குட்டிக் கிழங்குகள். கீழே இருப்பதன் தலைக்கு நேராக மேலே எதையும் வைக்காமல் விலக்கி விலக்கி வைத்தது.

"காலமெல்லாம் கிழங்கு தோண்டித் தின்றவள் நான், துள்ளி. மேலே இருப்பது முந்தும். ஆழத்தில் இருப்பது ஆற அமர வரும். ஒன்று ஓய்ந்தால் ஒன்று வர வேண்டும், இல்லையா?"

குட்டிகள் பசியில் சிணுங்கின. சிலிர்ப்பிக்கும் வயிறு காந்தியது. ஆனாலும் ஒரு கிழங்கைக்கூடப் பல்லில் வைக்கவில்லை.

பனி விலகியது. துள்ளியின் பாத்தி ஒரேயடியாகப் பூத்தது. அடடா, என்ன கோலாகலம்! துள்ளிக்குத் தரையில் கால் பாவவில்லை. பூத்தது போலவே ஒரேயடியாக வாடியும் போனது. சிலிர்ப்பியின் பாத்தியில் வெள்ளைப் பூக்கள் எட்டிப் பார்த்தன. தேனீக்கள் அவற்றை வைத்து ஓட்டின. பிறகு அவையும் உதிர்ந்தன.

அதன்பின் பாத்தியில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் மண். சிலிர்ப்பி காலையில் பார்க்கும், மாலையில் பார்க்கும். வெறும் மண்தான்.

இந்த நேரத்துக்காகத்தான் கொழுவன் காத்திருந்தது. எதிர்க்கரையில் வந்து நின்று குரல் கொடுத்தது.

"ராணியம்மா! முள்ளம்பன்றி பூவா வளர்க்கும்? கிழங்கு தின்கிற சாதியம்மா அது! நீங்கள் கண்ணசந்த நேரத்தில் மிச்சத்தையெல்லாம் தின்று ஏப்பம் விட்டிருக்கும்! இல்லையென்றால் மண்ணை விலக்கிக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம்!"

ராணித் தேனீ சிலிர்ப்பியின் முகத்தைப் பார்த்தது. "காட்டிவிடேன், சிலிர்ப்பி."

"தோண்டினால் முளை ஒடிந்துவிடும், ராணியம்மா! இன்னும் கொஞ்சம் பொறுங்கள்."

துள்ளி பதறியது. "ஒரு மூலையை மட்டும் கிளறிக் காட்டிவிடு, அக்கா! என்ன, குடியா முழுகிவிடும்?"

"வேரெல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. ஒன்றை இழுத்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் ஆடிப்போகும்."

"பார்த்தீர்களா, பார்த்தீர்களா!" என்று கொழுவன் உறுமியது. "மடியில் கனமில்லாதவள் காட்ட வேண்டியதுதானே!"

ராணித் தேனீ பெருமூச்சு விட்டது. "எங்கள் கூட்டில் சொட்டுத் தேன் இல்லை, சிலிர்ப்பி. வெறும் வாக்கைக் குடிக்க முடியுமா? நாங்கள் கிளம்புகிறோம்."

பாறையில் கூடு கலையத் தொடங்கியது. தேனீக்கள் கொத்துக் கொத்தாக மேலே எழும்பின. கொழுவன் தண்ணீரில் ஒரு கால் வைத்தது. இன்னொரு கூட்டம் எழும்பியது. இன்னொரு கால் வைத்தது. வளைக்குள் குட்டிகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டன.

தோண்டினால் பூ போய்விடும். தோண்டாவிட்டால் தேனீ போய்விடும். கொழுவனின் ஈர மூக்கு கரையை நோக்கி வந்துகொண்டே இருந்தது. அந்த மூக்கையே பார்த்தது சிலிர்ப்பி. சட்டென்று பாத்தியை விட்டு விலகி நின்றது.

"கொழுவா, வா! தோண்ட வேண்டாம், மோந்து மட்டும் பார். உன் மூக்குக்குத் தெரியாத கிழங்கு இந்தக் காட்டில் உண்டா? ஒன்றுமில்லை என்று நீயே சொல்லிவிடு. நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயாவது போய்விடுகிறேன்."

"அக்கா! உனக்கென்ன பைத்தியமா?" என்று துள்ளி அலறியது.

எழும்பிய தேனீக்கள் அப்படியே காற்றில் நின்றன.

கொழுவன் கரையேறி வந்து பாத்தியில் மூக்கை வைத்தது. "ஒன்றுமில்லை!" என்றது. மூக்கு நகர்ந்தது. "இங்கேயும் ஒன்றுமில்லை!" அதன் வால் விறைத்தது. "ம்ஹும்... சுத்தமாக... ஒன்றுமே..." எச்சில் நூல் நூலாக மண்ணில் ஒழுகியது.

"ஒன்றுமில்லை என்றால் நகர வேண்டியதுதானே?" என்றது ராணித் தேனீ.

"நகர்கிறேன் ராணியம்மா. இன்னொரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு..."

வாய் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தது. முன்னங்கால் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. அடக்க முடியாமல் கொழுவன் மூக்கை மண்ணுக்குள் குத்தி இறக்கியது. கொழுத்த கிழங்கு ஒன்று மஞ்சள் முளையோடு வெளியே வந்து விழுந்தது.

"அடப்பாவி!" என்றது ராணித் தேனீ. அவ்வளவுதான்! காற்றில் நின்ற கூட்டம் முழுவதும் கொழுவன் மேல் கவிழ்ந்தது. மூக்கில், காதில், கண் ஓரத்தில்! கொழுவன் வீறிட்டுக்கொண்டு குளத்தில் விழுந்து, எழுந்து, மலை இறங்கி ஓடியது.

சிலிர்ப்பி மண்ணைத் தள்ளி மூடியது. ராணித் தேனீ அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"உன் சொல்லை நம்பாமல் போனேனே, தாயே."

"பசி அப்படிச் செய்யும், ராணியம்மா. கூட்டுக்குத் திரும்புங்கள்."

சில நாளில் மஞ்சள் பூக்கள் வந்தன. அவை உதிரும்போது அடியிலிருந்து சிவப்பு எழும்பியது. கொழுவன் கிளறிய மூலை மட்டும் மொட்டையாகவே கிடந்தது. மழை இறங்கிய அன்றும் பாத்தியில் பூ இருந்தது, பாறையில் கூடு இருந்தது.

நாளைக்கென்று ஒருவர் அடுக்கி வைத்திருப்பதை இன்றைக்கே தோண்டிக் காட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறவன், பெரும்பாலும் அதைத் தின்னக் காத்திருப்பவனாகத்தான் இருப்பான்.