மணிக்கட்டின் சாய்வு

டாக்டர் மெஹருன்னிசா அன்று செய்யவிருந்த ஐந்தாவது அறுவை சிகிச்சை அது. காலையில் கட்டிய முகக்கவசம் மூக்கின் மேல் தடம் பதித்திருந்தது. எலும்பு இணைக்கும் வேலையை அவரிடம் கற்க வந்திருந்த டாக்டர் தங்கப்பழம் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். சின்ன ஊரில் இருபத்தைந்து வருடம் மாவுக்கட்டுப் போட்டு அலுத்தவர். அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார்.

வெளியே ஸ்ட்ரெச்சரில் இசக்கிராஜா படுத்திருந்தார். பரோட்டா மாஸ்டர். மாவை அடித்து வீசியே வலது மணிக்கட்டு எலும்புகள் தேய்ந்துபோயிருந்தன. அவற்றைச் சேர்த்து ஒரே எலும்பாக்கிவிட்டால் வலி போய்விடும். கூடவே மணிக்கட்டு மடங்குவதும் போய்விடும். தங்கப்பழம் அவரிடம் முதலாவதை மட்டும்தான் சொல்லியிருந்தார். கையெழுத்து வாங்கும்போது, எல்லாம் சரியாயிரும் என்றுவிட்டார். டாக்டர்கள் வாயில் முதலில் வருவது அதுதானே. பாவம், அந்த மனிதர் சித்திரையில் வேலைக்கு வந்துவிடுவதாக ஓட்டல்காரருக்கு வாக்கே கொடுத்துவிட்டார்.

கை கழுவும் இடத்தில் தங்கப்பழம் இதை ஒத்துக்கொண்டார். மெஹருன்னிசா திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே.

"வலி போனப்புறம் சொன்னா தாங்கிக்குவார். அப்போ சொல்லலாமா, மேடம்?"

மெஹருன்னிசா உள்ளே போனார். ஐஸில் கிடந்த உலோகக் கவ்விகளில் பழகுவதற்கென்று வைத்திருந்த ஒன்றை எடுத்தார். பார்க்க ஸ்டேப்ளர் பின் மாதிரி இருக்கும். குளிரில் கால்களை விரித்து வைத்தால் அப்படியே நிற்கும். உடம்புச் சூடு பட்டதும் பழைய வடிவத்துக்கு மடங்கி எலும்புகளை இறுக்கிவிடும்.

விரிந்த கால்களோடு அதைப் பின்னால் வந்த தங்கப்பழத்தின் உள்ளங்கையில் வைத்தார். "ஏன் அப்புறம் சொல்லணும்? சொல்லுங்க சார்."

தங்கப்பழம் சொன்னார். இப்போது சொன்னால் பயந்து எழுந்து போய்விடுவார். போனால் மறுபடி தேதி கிடைக்க மூன்று மாதம். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். வலியில் மனிதர் தூங்கியே நாளாகிறது. எல்லாம் உண்மைதான்.

"இப்ப அதை இறக்குங்க," என்று இரண்டு துளை போட்ட பிளாஸ்டிக் எலும்பை நீட்டினார் மெஹருன்னிசா.

கவ்வியின் கால்கள் உள்ளங்கையிலேயே மடங்கியிருந்தன. தங்கப்பழம் ஒருமுறை முயன்று பார்த்தார். துளைக்குள் போகவில்லை.

"வெளியே அவர் இன்னும் முழிச்சுத்தான் இருக்கார்," என்றார் மெஹருன்னிசா.

தங்கப்பழம் வெளியே போனார். மெஹருன்னிசா கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தபோது இசக்கிராஜா சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். தங்கப்பழம் சொல்லி முடித்துவிட்டுப் பக்கத்தில் நின்றிருந்தார். பிறகு இசக்கிராஜா மெதுவாக வலது கையைத் தூக்கினார்.

தங்கப்பழம் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"வேண்டாம்னுட்டாரா?"

"இல்ல மேடம். அழுதார். அப்புறம் பண்ணிருங்கன்னார். ஆனா ஒண்ணு கேட்டார்."

தன் வலது கையை நீட்டி, மணிக்கட்டைக் கொஞ்சமாய் உள்பக்கம் சாய்த்து, விரல்களைக் குவித்துக் காட்டினார்.

"இனி மடங்காதுன்னா இந்தச் சாய்வுல வைக்கணுமாம். சோத்தை யாரும் ஊட்டாம அவரே அள்ளித் திங்கணுமாம். நான் நேரா வைக்கத்தான் வரைஞ்சு வெச்சிருந்தேன்."

மெஹருன்னிசா கோணமானியை எடுத்துக்கொண்டு தங்கப்பழத்தின் பக்கத்தில் வந்தார்.

"கையை அசைக்காதீங்க, சார். அளந்துக்கறேன்."