மூன்றாவது வரிசை

“கையெழுத்துப் போட்டுடலாமா, மேடம்?” என்று கேட்டார் பெருமாள்சாமி.

ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடம் அவருடையது. வயது ஐம்பத்து மூன்று. அவர் மேடம் என்று அழைத்த ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு. சிறுதொழில் செய்கிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் நிதித் திட்டமிடல் சொல்லித்தருகிறவள். அந்த வகுப்பில் முதல் பெஞ்சில் உட்காருகிற ஒரே முதலாளி அவர்தான்.

லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார்.

புதிதாக இருபத்து நான்கு தறி. வீட்டை அடமானம் வைத்து வங்கிக் கடன். எக்ஸெல் தாளில் மூன்று வரிசைகள்.

ஆர்டர் நன்றாக வந்தால் எண்பது லட்சம் லாபம். வாய்ப்பு ஐம்பது சதவீதம்.

சுமாராக வந்தால் முப்பது லட்சம். வாய்ப்பு முப்பது.

வராமலே போனால் அறுபது லட்சம் நஷ்டம். வாய்ப்பு இருபது.

“ஏ.ஐ. கிட்ட கொடுத்தேன் மேடம். வாய்ப்பையெல்லாம் பெருக்கிக் கூட்டி ஒரு நிமிஷத்துல சொல்லிருச்சு. முப்பத்தேழு லட்சம். எட்டுத் தறி மட்டும் போட்டா பதினெட்டு கூட வரலை. பெரிய திட்டம்தான் மேல்னு பச்சைக் கலர் அடிச்சுக் காட்டுது பாருங்க.”

“கணக்கு சரிதான், அண்ணாச்சி.”

அவர் முகம் மலர்ந்தது.

“அந்த முப்பத்தேழு லட்சம் எந்த வரிசையில இருக்கு?”

பார்த்தார். எண்பது. முப்பது. மைனஸ் அறுபது.

“எதுலயும் இல்லையே.”

“அப்ப அது எந்த வருஷம் வரும்?”

“அது சராசரி மேடம். பத்து தடவை செஞ்சா...”

“உங்களுக்கு எத்தனை வீடு?”

பெருமாள்சாமி லேப்டாப்பை மூடிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு தொடங்கும் முன்பே வந்து நின்றார்.

“இப்ப பாருங்க. ஐம்பத்தெட்டு லட்சம்!”

ஜெசிந்தா பார்த்தாள். முதல் வரிசை அறுபத்தைந்து சதவீதமாக ஏறியிருந்தது. மூன்றாவது ஐந்தாக இறங்கியிருந்தது.

“நல்ல சேதி ஏதும் வந்துச்சா?”

“சேதியா?”

“ஆர்டர் வராமப் போற வாய்ப்பு இருபதுல இருந்து அஞ்சாகியிருக்கே. யாராவது ஒப்பந்தம் போட்டாங்களா?”

“இல்ல.”

“பின்னே?”

அவருக்குச் சுருக்கென்றது.

“முப்பது வருஷமா இதுல இருக்கேன் மேடம். இந்த ஆர்டர் வரும். எனக்குத் தெரியுது.”

“எனக்கும் அப்படித்தான் தோணுது” என்றாள் ஜெசிந்தா. பிறகு லேப்டாப்பின் மூடியை மெல்லச் சாத்தினாள். “மூணாவது வரிசையைச் சொல்லுங்க.”

“மைனஸ் அறுபது.”

“நம்பர் வேண்டாம். ஏப்ரல் மாசம். ஆர்டர் வரலை. காலையில தறிக்கூடத்தைத் திறக்கிறீங்க. அப்புறம்?”

அவர் சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை.

“முதல் மாசம் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். நெய்து நெய்து அடுக்கி வைப்பேன்.”

“அப்புறம்?”

“புதுத் தறிக்குன்னு எடுத்த பதினாறு பேரை நிறுத்துவேன். எல்லாம் எங்க தெருக்காரங்க. டீக்கடைக்குப் போறதை விட்டுருவேன்.”

“அப்புறம்?”

“வட்டி கட்டணும்ல. என் வீட்டுக்காரி வளையலைக் கழட்டி மேசை மேல வைப்பா. நான் கேட்காமலே.”

அவர் தண்ணீர் குடித்தார்.

“அதுக்கும் அப்புறம், அண்ணாச்சி?”

“அதுக்கும் அப்புறம்... கொச்சியில வர்கீஸ்னு ஒரு பெரிய வியாபாரி. ஆஸ்பத்திரிகளுக்குச் சரக்கு அனுப்புறவர். வெட்கத்தை விட்டு அவருக்குப் போன் போடுவேன். உங்க நூலைக் கொடுங்க, நெய்து தர்றேன், கூலி மட்டும் போதும்னு கேட்பேன். கொடுப்பார். முன்னாடியே ரெண்டு தடவை அவரே கேட்டார். நான்தான், சொந்தச் சரக்கு ஓட்டுறவனுக்குக் கூலி நெசவு எதுக்குன்னு விட்டுட்டேன்.”

“எத்தனை தறி ஓடும்?”

“பன்னெண்டு தாராளமா ஓடும்.”

“அந்தப் போனை எந்த மாசம் போடுவீங்க?”

“நாலாவது மாசம்.”

“ஏன்?”

பெருமாள்சாமி லேப்டாப்பைத் தள்ளி வைத்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். வகுப்பு தொடங்கியது. பாதி முடிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் இன்னும் பேசிக்கொண்டும் நடந்துகொண்டும் இருந்தார்.

கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும் என்றார் வர்கீஸ். பெருமாள்சாமி ஒத்துக்கொண்டார். தறி எப்போது சும்மா நின்றாலும் பன்னிரண்டுக்கு நூல் வரும், இரண்டு வருஷத்துக்கு. வியாழக்கிழமை அது எழுத்தாகவே வந்து சேர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவர் தாளைத் திறந்தார். ஏற்றியதையும் இறக்கியதையும் பழையபடி வைத்தார். ஐம்பது, முப்பது, இருபது. மூன்றாவது வரிசையில் மைனஸ் அறுபதை அழித்து மைனஸ் பதினைந்து என்று போட்டார்.

திரையில் சராசரி தானாக மாறியது. அதை அவர் பார்க்கவில்லை. மைனஸ் பதினைந்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது வந்தாலும் வீடு நிக்கும்” என்றார்.

ஜெசிந்தா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“ஒப்பந்தம்தான் வந்துருச்சே, அண்ணாச்சி. ஆர்டர் வராமப் போற அந்த இருபதைக் குறைக்கலையா?”

“அது இருக்கட்டும் மேடம்” என்றார் பெருமாள்சாமி. “அதைக் குறைக்க நான் யாரு?”